வெயில் ஒன்று, படும் அளவு வேறு



ஊருக்கெல்லாம் ஒரே வெயில்தான். ஆனால் கட்டட வேலைக்குப் போகும் வாப்பாவின் மேல் படும் புற ஊதாக் கதிரும், வீட்டுக்குள்ளேயே இருக்கும் உம்மாவின் மேல் படுவதும் ஒரே அளவா?

இதை ஆளுக்கு ஆள் அளக்க, 1976இல் பிரிட்டன் ஆய்வாளர்கள் ஒரு வழி சொன்னார்கள். பாலிசல்போன் என்னும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் சட்டையில் குத்திக்கொள்ள வேண்டும். கதிர் படப்பட அதன் தன்மை மாறும். அந்த மாற்றத்தைக் கருவியில் பார்த்து, அணிந்தவர்மேல் பட்ட அளவைக் கணக்கிடுவார்கள்.

நம்மிடம் அந்தத் துண்டு இல்லை, நிழல் இருக்கிறது. நிழலை அளந்து அஸர் நேரம் குறித்தவர்கள் நம் முன்னோர். நம் நிழல் நம் உயரத்தைவிடக் குறைந்தால் கதிர் கடுமை என்று அறிவோம். அந்நேரம் வெளியே உழைப்பவர்கள் தொப்பியும் முழுக்கைச் சட்டையும் அணியட்டும். மிகுந்த கதிர் கண்புரைக்கும் ஒரு காரணம்.

வெயிலே படாதவர்களுக்கோ வைட்டமின் டி குறையலாம். உம்மாவின் எலும்பு வலியை 'வயதாகிவிட்டது' என்று தள்ளாமல் மருத்துவரிடம் காட்டுவோம்.

இன்றிரவு சாப்பிடும்போது, யார் எவ்வளவு நேரம் வெயிலில் இருந்தோம் என்று வீட்டில் கேட்டுக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.