சுருக்குக் கம்பியும் சட்டமும்

(தோட்டக் கமிட்டித் தலைவர்கள், மாதர் சங்கத் தலைவிகள் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி பற்றி நாம் எப்போதும் பேசுகிறோம். இன்று காட்டோரம் பற்றிப் பேசுவோம். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்கள் பலவற்றில் கடைசி மலை முடிகிற இடத்தில் காடு ஆரம்பமாகிறது.

2020 மே 26 ஆம் திகதி நல்லதண்ணி, லக்சபான தோட்டத்தில் மரக்கறித் தோட்டமொன்றின் அருகே ஒரு கருஞ்சிறுத்தை சுருக்கில் சிக்கியது. கழுத்தில் கம்பி இறுகியிருந்தது. உடவளவவுக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் 29 ஆம் திகதி இறந்துவிட்டது. நாடே அதைப் பற்றிப் பேசியது. ஆனால் லயத்து மனிதனின் போஞ்சியையும் மரவள்ளியையும் ஒரே இரவில் பன்றி கிளறிவிட்டுப் போவதைப் பற்றி யாரும் பேசவில்லை. அந்தக் கஷ்டம் உண்மையானது. அதற்குச் சுருக்கு வழியல்ல என்பதும் உண்மை.

சுருக்குக்கு ஆள் தெரியாது. பன்றிக்கு வைத்ததில் சிறுத்தையும் விழும், நம் வீட்டு நாயும் விழும். விடியுமுன் பால் வெட்டப் போகிறவரின் காலும் அதில்தான் மாட்டும். கட்டுத்துவக்கும் பன்றி வெடியும் அதைவிடக் கொடியவை.

சட்டத்தையும் தெரிந்துகொள்வோம். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டப்படி சரணாலயத்துக்குள் வேட்டை குற்றம். சிவனொளிபாதமலைப் பகுதி 1940 முதல் சரணாலயம். சரணாலயத்துக்குள் தனியார் காணியும் அடங்கலாம். ஆகவே "இது தோட்டக் காணிதானே" என்று சொல்லித் தப்ப முடியாது. சிறுத்தையோ எங்கிருந்தாலும் பாதுகாக்கப்பட்ட மிருகம். வழக்கு விழுந்தால் ஒவ்வொரு தவணைக்கும் ஒரு நாள் பேர் போகும். அடுப்பு எரியாதது நம் வீட்டில்தான்.

அதே சட்டம் நமக்கும் உரிமை தருகிறது. யாரைக் கைது செய்தாலும் காரணம் சொல்ல வேண்டும். இது அரசியலமைப்பின் 13 ஆம் உறுப்புரை. பிடியாணை இல்லாமல் பொலிஸார் பிடித்தால், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். தமிழும் அரசகரும மொழி. விளங்காத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழில் வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். சட்டத்தரணிக்குப் பணம் இல்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம். உடனே தோட்டத் தலைவருக்கும் சொல்லுங்கள். தனியாகப் போகிறவரை மிரட்டுவது சுலபம். சங்கத்தோடு போகிறவரை அப்படி மிரட்ட முடியாது.

ஒவ்வொரு கமிட்டியும் இந்த மாதம் மூன்று காரியம் செய்வோம். ஒன்று, காட்டோரத்தை எல்லோரும் சேர்ந்து நடந்து பார்த்து, நம்மவர் வைத்த சுருக்குகளைக் கழற்றுவோம். மிருகம் சிக்கியிருந்தால் கிட்டப் போகாமல் 1992 க்கு அழைத்து வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்போம். இரண்டு, காட்டு எல்லையில் தமிழிலும் பலகை வைக்கும்படி எழுத்தில் கேட்போம். மூன்று, மரக்கறித் தோட்டங்களுக்கு வேலி அடிக்கக் கம்பியும் கட்டையும் தரும்படி நிர்வாகத்திடம் கோருவோம். வாயால் கேட்டால் மறந்துவிடுவார்கள். கடிதமாகக் கொடுத்து, பிரதியில் திகதியும் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

காட்டுத் தண்ணீர்தான் நம் பீலியில் வருகிறது. அந்தக் காட்டையும் காப்போம், நம் பிள்ளைகளையும் வழக்கிலிருந்து காப்போம்.