ஃபோர்க்லிஃப்ட்டா, டெலிஹேண்ட்லரா? ரெண்டு 3 டன்னும் ஒண்ணு இல்ல

சைட் இன்ஜினியரா புதுசா சேர்ந்தவங்க முதல் மழைக்காலத்துலயே மாட்டிக்கிற விஷயம் இது. தரை முழுக்க சேறு, பிளாக் லோடு லாரி வாசல்ல நிக்குது, வாடகைக்கு வண்டி எடுக்கணும். ரஃப் டெரைன் ஃபோர்க்லிஃப்ட்டா, டெலிஹேண்ட்லரா? எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "எத்தனை டன்?" ரெண்டுலயுமே 3 டன்னு எழுதியிருக்கும். ஆனா அந்த ரெண்டும் ஒரே 3 டன் இல்ல.

ஃபோர்க்லிஃப்ட் நமக்குத் தெரிஞ்சதுதான். முன்னாடி நேரா நிக்கிற மாஸ்ட், அதுல ஏறி இறங்குற ஃபோர்க். அதுக்குப் பெரிய டயரும் சேத்துல தட்டாத உயரமும் கொடுத்தா ரஃப் டெரைன். பிரான்ஸோட மனிடூ கம்பெனி 1958-ல இறக்கினது, டிராக்டரைத் திருப்பிப்போட்டு மாஸ்ட் மாட்டின வண்டி. டெலிஹேண்ட்லர்ல மாஸ்ட் கிடையாது, கிரேன் மாதிரி நீளுற பூம். ஜேசிபியோட லோடால் 1977-ல வந்தது. அதுல 530-70னு ஒரு மாடல், பேரைப் பார்த்தாலே 3 டன், 7 மீட்டர்னு புரியும்.

இப்போ பார்க்ல இருக்கிற சீசா பலகையை நினைச்சுக்கோங்க. நடுவுல முன் சக்கரம். பின்னாடி வண்டியோட எடை, முன்னாடி நம்ம லோடு. மாஸ்ட் மேல போகும்போது லோடு முன் சக்கரத்துலேர்ந்து விலகிப் போறதில்ல. பூம் நீள நீள லோடு வெளிய போகுது, பலகை முன்பக்கமா சாயப் பார்க்குது. அதனால மடக்கி வெச்சா 3 டன் தூக்குற டெலிஹேண்ட்லர், முழுசா முன்னாடி நீட்டினா ஒரு டன் பக்கம்தான் தாங்கும். எவ்வளவு நீட்டினா எவ்வளவு தாங்கும்னு கேபினுக்குள்ளயே படம் போட்டு ஒட்டியிருப்பாங்க. அதுதான் லோட் சார்ட்.

600க்கு 200க்கு 200 மில்லிமீட்டர் ஏஏசி பிளாக் ஒண்ணு சுமார் 15 கிலோ. எழுபது அடுக்கினா ஒரு டன் ஆயிடும். இந்தக் கல்லு தண்ணியை நல்லா குடிக்கும். ராத்திரி மழையில மூடாம விட்ட பேலட் காலையில நூறு, இருநூறு கிலோ கூடியிருக்கும். சார்ட்ல சரியா இருந்த லோடு வண்டியைக் கவுக்கிறது இப்படித்தான். கீழே நிக்கிறது பெரும்பாலும் சித்தாளுங்க.

அப்போ ஃபோர்க்லிஃப்ட்டே போதுமா? வேலை முக்கால்வாசி லாரியிலேர்ந்து இறக்கி யார்டுல அடுக்குறதுன்னா, என் ஓட்டு அதுக்குத்தான். மாஸ்ட்டுக்கு நடுவுல டிரைவருக்கு நேரா தெரியும். டெலிஹேண்ட்லர்ல பூம் கேபினுக்கு வலது பக்கம் படுத்திருக்கும். அந்தப் பக்கம் யார் நின்னாலும் சரியா தெரியாது, கூட ஒரு சிக்னல் ஆள் வேணும். ஆனா ரெண்டாவது மாடி ஸ்லாபுக்கு ஏத்தணும், நடுவுல சாரமும் தோண்டின குழியும் இருக்குன்னா ஃபோர்க்லிஃப்ட்டால கிட்டவே போக முடியாது. அங்க டெலிஹேண்ட்லர்தான். நம்ம ஊர்ல பலரும் "ஹைட்ராவைக் கூப்பிடு"ன்னுதான் சொல்வாங்க. கொக்கியில தொங்குற லோடு ஆடும், பேலட்டுக்கு அது சரிப்படாது.

அதனால வாடகைக்காரருக்கு போன் போடுறதுக்கு முன்னாடி டேப்பை எடுத்துட்டுப் போங்க. சக்கரம் உறுதியா நிக்கக்கூடிய இடத்துலேர்ந்து லோடு இறங்குற இடம் வரைக்கும் எத்தனை மீட்டர், எவ்வளவு உயரம்னு அளங்க. அப்புறம் அந்த மாடலோட சார்ட்டை வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க. ஃபோர்க்குக்குப் பதிலா பக்கெட், ஜிப் ஏதாவது மாட்டப் போறீங்கன்னா ஒவ்வொண்ணுக்கும் சார்ட் தனி. அதையும் சேர்த்தே கேட்டு வாங்கிடுங்க.