வாசலில் நிற்கிறவர்களுக்காக

(அரூரில் நடைபெற்ற ஆதரவாளர் கூடுகையில் மிஷன் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



இன்று ஒரே ஒரு பாரத்தை உங்கள் முன் வைக்கிறேன். எச்.ஐ.வி. கிருமியோடு வாழும் ஒருவருக்குப் புற்றுநோயும் வந்துவிட்டால், புதிய மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் அவருக்கு இடம் உண்டா?

1986-ஆம் ஆண்டில் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமன் குழுவினர் நம் நாட்டின் முதல் எச்.ஐ.வி. தொற்றைக் கண்டறிந்தனர். அந்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. அந்நாட்களில் இந்நோய்க்கு மருந்தில்லை. ஆகவே புற்றுநோய் ஆய்வுகளில் இவர்களைச் சேர்க்கத் தயங்கியதில் ஒரு நியாயம் இருந்தது.

இன்று நிலைமை வேறு. 2004 ஏப்ரல் முதல் நம் அரசு கூட்டு மருந்தை இலவசமாக வழங்கி வருகிறது. அதைத் தவறாமல் உட்கொள்பவர் நெடுங்காலம் வாழலாம். ஆனால் எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய் வரும் அபாயம் மற்றவர்களைவிட ஆறு மடங்கு என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. காலம் மாறியும், இவர்களைச் சேர்க்கக் கூடாது என்ற விதி பல ஆய்வுகளில் அப்படியே நின்றுவிட்டது. இவர்களிடம் சோதிக்கப்படாத மருந்தை, கூட்டு மருந்தோடு சேர்த்து எந்த அளவில் கொடுப்பது என்று எந்த வைத்தியர் துணிந்து சொல்வார்?

அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2020-இல், நோய் கட்டுக்குள் உள்ளவர்களை ஆய்வுகளில் சேர்க்கும்படி வழிகாட்டியது. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. சட்டமும், இந்நோயின் நிமித்தம் ஒருவருக்குச் சிகிச்சையை மறுக்கலாகாது என்கிறது.

“ஏழைகளைச் சோதனைக்கு உட்படுத்தலாமா?” என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. 2019-ஆம் ஆண்டு விதிகளின்படி, நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் மனமார்ந்த சம்மதமும் வேண்டும். அவர் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். ஆய்வினால் தீங்கு நேர்ந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு. ஆய்வு நிச்சயம் குணமாக்கும் என்று நாங்கள் வாக்குக் கொடுப்பதில்லை. வாசலிலேயே திருப்பி அனுப்பாதிருங்கள் என்றே கேட்கிறோம்.

சட்டம் வாசலைத் திறந்தாலும், சித்தேரி மலையிலிருந்து இறங்கி வரும் கூலித் தொழிலாளி வேலூருக்கோ சென்னைக்கோ எத்தனை முறை போய்வர முடியும்? பேருந்துக் கட்டணம், இழக்கும் கூலி, துணைக்கு ஒருவர், இரகசியம் காக்கும் ஒரு நண்பர்: இவையில்லாமல் ஆய்வு அவருக்கு எட்டாக்கனியே. உங்கள் காணிக்கை இந்த இடைவெளியில்தான் பாலமாகிறது.

நம் ஆண்டவர் குஷ்டரோகியை முதலில் தொட்டார். பின்பே அவன் சுத்தமானான். நாமும் அந்த வரிசையை மாற்றாதிருப்போமாக. இவர்களுக்காக ஜெபியுங்கள், தாராளமாய்க் கொடுங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.