இறால் ஓடும் நமது மூக்கும்



இன்று நாம் பேச எடுத்துக் கொண்டிருப்பது சாமியுமல்ல, சாதியுமல்ல. வெறும் இறால் ஓடு. முன்வரிசையில் சிலர் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்த ஓட்டைக் கண்டதும் மூக்கைப் பிடித்துக் கொண்டு ஓடுகிற நாம், இது என்ன வஸ்து என்று ஒரு நாளாவது விசாரித்ததுண்டா?

இறாலை நிறுத்துப் பார்த்தால் தலையும் ஓடுமாக நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் கழிவாகப் போகிறது. தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊர்களில் ஐஸ் தண்ணீரில் விரல் மரத்துப்போகப் பெண்கள் இறால் உரிக்கிறார்கள். உரித்த ஓட்டைக் குவித்துப் போட்டால் நமது வெயிலில் மறுநாளே அழுகி ஊரெல்லாம் நாறுகிறது. ஆனால் ஜனங்கள் ஒதுங்குவது அந்தக் குப்பை மேட்டைக் கண்டா? இல்லை, வேலை முடிந்து பஸ்ஸில் ஏறுகிற அந்தப் பெண்களைக் கண்டுதான் ஒதுங்கி உட்காருகிறார்கள். தேங்காய் மட்டையைத் தண்ணீரில் அழுகப் போட்டாலும் நாற்றந்தான். அந்த நாரில் திரித்த வடத்தைப் பிடித்துத் தேரிழுக்கிறபோது எவரும் மூக்கைப் பிடிக்கக் காணோம்!

நிற்க, மேஜைமேலிருக்கும் இந்தத் தம்ளரைப் பாருங்கள். நண்டு ஓட்டுத் துண்டு ஒன்றை வினிகரில் போட்டு, வினிகரை மாற்றி மாற்றி இரண்டு நாளாக ஊற வைத்திருக்கிறோம். போட்டவுடன் சிறு குமிழிகள் கிளம்பின. பேய் பிசாசு ஒன்றுமில்லை. சோடா பாட்டிலில் பொங்குகிற அதே கரியமிலவாயுதான். ஓட்டிலிருந்த சுண்ணாம்பைக் காடி கரைத்துவிட்டது. கல்போலிருந்த ஓடு இப்போது தோல்போல் வளைகிறது பாருங்கள்.

தொழிற்சாலையில் வினிகருக்குப் பதில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் திராவகம். பிறகு நீர்த்த காஸ்டிக் சோடாவில் காய்ச்சினால், ஓட்டோடு ஒட்டியிருக்கும் புரதச் சத்தும் நீங்கிவிடும். மிஞ்சுவதுதான் கைட்டின். உலர்ந்த ஓட்டில் இது, இனத்துக்குத் தக்கபடி, நூற்றுக்கு 15 முதல் 30 பங்கு வரை இருக்கும். பஞ்சு எப்படிச் சர்க்கரைத் துணுக்குகள் ஆயிரக்கணக்காகக் கோத்த சங்கிலியோ, இதுவும் ஏறக்குறைய அப்படிப்பட்ட சங்கிலிதான். துணுக்குதான் சிறிது வேறு.

பிரெஞ்சு தேசத்துப் பிராகோனோ என்பவர் 1811ல் இதைக் காளானிலிருந்து பிரித்தார். 1823ல் ஓடியே என்பவர் வண்டின் சிறகு மூடியில் கண்டு, அங்கியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து கைட்டின் என்று பேரிட்டார். காளானும் வண்டும் நண்டும் ஒரே நூலில் ஆடை கட்டியிருக்கின்றன என்பது, பிறப்பைக் கொண்டு உசத்தி தாழ்த்தி பேசுகிறவர்களுக்குக் கொஞ்சம் சங்கடமான சங்கதிதான். 1859ல் ரூஜே என்பவர் இதைக் கடுங்காரத்தில் கொதிக்க வைத்தார். எதிலும் எளிதில் கரையாத அந்த வஸ்து, பிறகு லேசான புளிப்பு நீரில் கரைந்தது. அதற்குத்தான் 1894ல் ஹோப்பே-சைலர் கைட்டோசான் என்று பேர் வைத்தார்.

இதனால் என்ன பிரயோஜனம் என்பீர்கள். கைட்டோசான் புளிப்பு நீரில் கரையும்போது அதன்மேல் ஒருவித மின்சாரம் ஏறுகிறது. கலங்கல் நீரிலுள்ள மண் துகள் மேலிருப்பதோ அதற்கு எதிரான மின்சாரம். ஆகவே இரண்டும் பிடித்துக்கொண்டு கட்டியாகி அடியில் போய்விடுகின்றன. நமது பாட்டிமார் தேற்றாங்கொட்டையை உரைத்துச் செய்த காரியந்தான். இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களையும் இது இப்படியே பிடித்து அடைத்துவிடுகிறது. ஆதலால் 2003ல் தொடங்கிய இராக் யுத்தத்தில் அமெரிக்கப் பட்டாளத்தார் கைட்டோசான் கட்டுகளைக் காயங்களில் வைத்து இரத்தத்தை நிறுத்தினார்கள். நாளை ஓர் ஆசாரக்காரர் மோட்டாரில் அடிபட்டு இரத்தம் பீறிடும்போது, இந்தக் கட்டு எந்த ஓட்டிலிருந்து வந்தது, அதை உரித்த கை எந்தத் தெருக் கை என்று கேட்டுக் கொண்டிருப்பாரா?

இவ்வளவும் சொன்னதால் கைட்டோசானைப் புதுச் சஞ்சீவியாக எண்ணிவிடாதீர்கள். இதை மாத்திரையாக்கி, "தின்ற கொழுப்பையெல்லாம் உறிஞ்சிவிடும், உடம்பு இளைக்கும்" என்று விற்கிறார்கள். பல பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்து 2008ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் இளைப்பு மிகச் சொற்பமென்றும், ஒழுங்காகச் செய்த பரிசோதனைகளில் அது இன்னும் குறைவென்றும் தெரிந்தது. திருநீற்றுப் பொட்டலத்தை நம்ப மறுத்தவர்கள் அச்சிட்ட டப்பாவை மாத்திரம் நம்புவானேன்?

முக்கியமான விஷயம் ஒன்று பாக்கியிருக்கிறது. கொச்சியில் 1957ல் ஏற்பட்ட மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிலையத்தார் ஓட்டிலிருந்து கைட்டின், கைட்டோசான் எடுக்கும் முறையைத் தொழிலுக்கேற்றபடி வகுத்திருக்கிறார்கள். ஆகவே இது நமக்கு எட்டாத வித்தையல்ல. ஆனால் ஓடு கழுவிய திராவகமும் காரமும் எங்கே போகும்? அப்படியே வாய்க்காலில் விட்டால் மீன் சாகும், கிணறு கெடும். நாறின ஓடே மேலென்று ஆகிவிடும். திராவகத்தையும் காரத்தையும் ஒன்றையொன்று முறிக்கச் செய்து, புரதத்தைப் பிரித்துக் கோழித் தீவனத்துக்கு எடுத்து, மிச்ச நீரையும் சுத்தம் செய்த பிறகே வெளியே விட வேண்டும். இதற்குப் பணம் செலவாகும். அதை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறவர்கள் உண்டு. தயிரைப் புளிக்க வைக்கும் கிருமிகளைக் கொண்டே சுண்ணாம்பையும் புரதத்தையும் நீக்கும் முறைகளும் சோதிக்கப்பட்டு வருகின்றன.

எனவே உங்கள் ஊருக்கு இப்படியொரு தொழிற்சாலை வருமானால், முதலாளியிடம் இரண்டு கேள்வி கேளுங்கள். கழுவிய நீர் எங்கே போகிறது? நேற்றுவரை குப்பையென்று கொட்டிய ஓட்டுக்கு இன்று விலை வந்ததே, அதை உரித்த பெண்களின் கூலியில் எத்தனை ரூபாய் ஏறியது?

தம்ளர் இங்கேயே இருக்கும். கூட்டம் கலைந்ததும் வந்து ஓட்டைத் தொட்டு வளைத்துப் பாருங்கள். வினிகர் வாசனைதான் வரும். பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள்.