ஊர் எல்லையில் கஸ்ர் முடிகிறது

(ஜமாஅத் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரை)

 

 

நம் மஹல்லாவில், மகனையோ மருமகனையோ வளைகுடாவுக்கு அனுப்பாத வீடுகள் சிலவே. அப்படிச் சென்ற ஒரு சகோதரர் ஊர் திரும்பிய நாளைப் பற்றி, அவருடைய அனுமதியுடன், பெயர் கூறாமல் சொல்ல விரும்புகிறேன்.

ரியாத் நகருக்கு வெகுதூரத்திலுள்ள தொழிலாளர் கேம்ப்பில் பஜ்ரு தொழுத அவர், காலையில் வேனில் புறப்பட்டார். வழியில் ஒரு பள்ளிவாசலில் லுஹரையும் அஸரையும், ஷாபிஈ மத்ஹபின்படி, இரண்டிரண்டு ரக்அத்துகளாகச் சுருக்கிச் சேர்த்துத் தொழுதார். மாலையில் விமானம் ஏறினார். கிழக்கு நோக்கிப் பறந்ததால் பொழுது விரைந்து சாய்ந்தது. நள்ளிரவில் கொழும்பு. அங்கே மஃரிபையும் இஷாவையும் சேர்த்துத் தொழுதார். உறக்கமின்றி நாற்காலியில் அமர்ந்திருந்து, பஜ்ரையும் அங்கேயே தொழுது, காலை விமானத்தில் திருச்சி வந்திறங்கினார். பெட்டிகளைப் பெற்று, காரில் ஊருக்குள் நுழைந்தபோது லுஹர் பாங்கு ஒலித்தது.

பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலில் இரண்டு ரக்அத் தொழுவது நபிவழி. அவரும் அவ்வாறே தொழுது, ஜமாஅத்திலும் கலந்துகொண்டு, வீடு சென்றார்.

வாசலில் நின்ற நான்கு வயது மகன் பாட்டியின் பின்னால் ஒளிந்துகொண்டான். "அத்தா வந்திருக்காங்கடா" என்றார் பாட்டி. பிள்ளை உள்ளே ஓடிக் கைபேசியை எடுத்து வந்து, "எங்க அத்தா இதுலதான் இருக்காங்க" என்றான்.

அன்று அஸருக்கு வந்தவர் என்னிடம் இதைக் கூறி அழுதார்.

பெரியோர்களே! அன்று நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சென்ற நம் பாட்டன்மார் கடலிலேயே பல நாட்களைக் கழித்தனர். இன்று பயணம் ஒரு நாளாகச் சுருங்கிவிட்டது. பிரிவு சுருங்கவில்லையே, ஏன்?

அந்தச் சகோதரருக்கு இரண்டாண்டு முடிவில் விடுமுறை இருந்தது. தங்கையின் நிக்காஹுக்குக் கைக்கூலியும் விருந்துச் செலவும் சேர்ந்ததால், விடுமுறையை விட்டுக்கொடுத்து மேலும் ஓராண்டு உழைத்தார். அந்த நிக்காஹை நடத்திவைத்தவன் நான். அந்த விருந்தில் உண்டவர்கள் நாம். அந்தப் பிள்ளை இழந்த ஓராண்டில் நம் அனைவருக்கும் பங்குண்டு.

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், தேவை முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்பிவிட வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் போதித்துள்ளார்கள். கணவனின் பிரிவால் ஒரு பெண் வருந்துவதை இரவில் செவியுற்ற உமர் (ரலி) அவர்கள், தம் மகளார் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, படைவீரர்கள் மனைவியரைப் பிரிந்திருக்கும் காலத்திற்கு எல்லை வகுத்தார்கள். அது நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் உள்ளன. நாமோ ஆண்டுக்கணக்கில் பிரித்து வைத்திருக்கிறோம்.

பயணிக்குத் தொழுகையைச் சுருக்க அல்லாஹ் சலுகை அளித்திருக்கிறான். ஊர் எல்லையை அடைந்ததும் அச்சலுகை முடிகிறது. அன்று லுஹரை அவர் நான்கு ரக்அத்தாக முழுமையாகத் தொழுதார். மனைவி மக்களுக்கும் பெற்றோருக்கும் உரிய கடமையும் அத்தகையதே. ஊரில் இருக்கும் நாட்களிலாவது அதைச் சுருக்காதீர்கள். வந்தவரை விருந்துக்கும் வழக்குக்கும் அழைத்து அலைக்கழிக்காதீர்கள்.

கைக்கூலி கேட்கும் வீட்டாரே! நீங்கள் கேட்கும் பணம் ஒரு பிள்ளையின் தகப்பனை இன்னும் ஓராண்டு கடலுக்கு அப்பால் நிறுத்திவைக்கிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். நிக்காஹை எளிமையாக்குங்கள்.

பிரிந்திருக்கும் குடும்பங்களை நலமுடன் ஒன்றுசேர்க்க வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.