பிள்ளை பெற்றவளின் மனநலம்

(குருவிகுளம் வட்டாரக் கூட்டமொன்றில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், கண்மாய் மராமத்து ஆகியவற்றைப் பற்றியே நாம் வழக்கமாகப் பேசுகிறோம். இன்று எடுத்துக்கொண்ட பொருள் வேறு. பிள்ளை பெற்ற பெண்ணொருத்தி காரணமின்றி அழுகிறாள், உறக்கம் கெடுகிறது, குழந்தையை ஏறெடுத்தும் பார்க்க மறுக்கிறாள். காற்றுக் கருப்பு அண்டிவிட்டதென்று நாம் வேப்பிலை தேடுகிறோம். அன்றேல், "வீம்புக்காரி" என்று ஏசுகிறோம். இரண்டும் தவறு.

கர்ப்ப காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன்கள் தாயின் இரத்தத்தில் பன்மடங்கு பெருகுகின்றன. நஞ்சுக்கொடி விழுந்ததும், உடைப்பெடுத்த கண்மாய்போல் சில நாட்களிலேயே அவை வடிந்துவிடுகின்றன. கருப்பைக்கு மட்டுமல்ல, மூளைக்கும் அவற்றால் வேலையுண்டு. மனநிலை, உறக்கம், நினைவாற்றல் ஆகியவற்றை ஆளும் பகுதிகளை அவை தொடுகின்றன. ஆகவேதான் மூன்றாம் நான்காம் நாளில் பல தாய்மாருக்குக் கண்ணீர் வருகிறது. பெரும்பாலோர்க்கு இரண்டு வாரத்திற்குள் அது தானே தெளிந்துவிடும். தெளியாவிடில் அது நோய்.

"எல்லாருக்குந்தானே ஹார்மோன் குறைகிறது? சிலர் மட்டும் ஏன் நோயுறுகின்றனர்?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பதினாறு பெண்களுக்கு இந்த ஹார்மோன்களைக் கொடுத்துப் பின்னர் நிறுத்தினர். முன்பு பிரசவத்திற்குப் பின் மனச்சோர்வுற்றிருந்த எண்மரில் ஐவருக்கு மனநிலை குலைந்தது. அவ்வாறு நோயுற்றிராத எண்மரில் ஒருவருக்கும் குலையவில்லை. குறைவு ஒன்றே; அதைத் தாங்கும் மூளை ஆளுக்கு ஆள் வேறு. அவள் குணத்தைக் குறை கூறுவதில் பொருளில்லை.

எனினும் பழி முழுவதையும் ஹார்மோன்மேல் போட்டு நாம் தப்பிவிட இயலாது. வேலூர்ப் பக்கத்துக் கணியம்பாடி வட்டாரமும் நம்முடையதைப் போன்ற கிராமப் பகுதியே. அங்குள்ள தாய்மாரை ஆராய்ந்து, 2002இல் முடிவை வெளியிட்டனர். நூற்றுக்கு ஏறத்தாழ பதினொருவர் பிரசவத்திற்குப் பின் புதிதாக மனச்சோர்வுற்றனர். அதனோடு சேர்ந்து காணப்பட்டவை யாவை? குறைந்த வருவாய், மாமியாருடன் மனத்தாங்கல், கைவேலைக்கு உதவியின்மை, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறத்தல். ஹார்மோன் வடிவதைத் தடுக்க நம்மால் ஆகாது. பெண் பிறந்ததற்காக முகஞ்சுளிக்காதிருக்க நம்மால் ஆகும். அதற்கு அரசாங்க மானியம் எதுவும் வேண்டுவதில்லை!

பச்சை உடம்புக்காரியைக் களையெடுப்புக்கு அனுப்பாதீர்கள். இரவில் குழந்தையைச் சற்று நேரம் வாங்கிக்கொண்டு அவளை உறங்க விடுங்கள். இரண்டு வாரங் கடந்தும் சோர்வு நீங்காவிடில், கிராம சுகாதார செவிலியரிடமோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ சொல்லுங்கள். ஆலோசனையாலும் மருந்தாலும் இது குணமாகும். பாலூட்டும் தாய்க்கு ஏற்ற மருந்தை மருத்துவர் அறிவார். 14416 என்ற டெலி மனஸ் தொலைபேசியில் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றிப் பேசலாம்.

ஆயிரத்தில் ஓரிருவருக்குச் சித்தம் கலங்குவதுமுண்டு. இல்லாத குரல் கேட்கும். தன்னையோ குழந்தையையோ மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழும். அப்பொழுது அமாவாசை வரட்டுமென்று காத்திராதீர்கள். அவளைத் தனியே விடாமல் அன்றே அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

கூட்டத்திற்குச் சுகாதார செவிலியரும் வந்திருக்கிறார். பலர்முன் கேட்கத் தயங்குவோர் கூட்டம் கலைந்தபின் அவரிடம் தனியே கேட்டுக்கொள்ளலாம்.