சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று வந்தால்

(ஜூபிலி ஆண்டையொட்டி நடந்த மாதர் சங்கக் கூட்டத்தில் பெண் மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)

 

விழாக் கூட்டத்தில் பேசக் கூச்சப்படும் ஒரு பொருளை எனக்குக் கொடுத்திருக்கிறீர்கள்: கருப்பை வாய்ப் புற்றுநோய். பின்வரிசையில் ஆண்களும் அமர்ந்திருக்கிறார்கள். மிகவும் நல்லது. ஆஸ்பத்திரிக்குப் போகப் பஸ் காசு பல வீடுகளில் அவர்கள் சட்டைப் பையில்தானே இருக்கிறது!

சோதனை முகாம்களைப் பற்றி நீங்கள் அறிவீர்கள். கருப்பை வாயில் வினிகரைப் போன்ற நீர்த்த அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். அல்லது சிறு தூரிகையால் செல்களை எடுத்துச் சோதனைக்கு அனுப்புவார்கள். நான் சொல்ல வந்தது அதற்குப் பின் நடப்பதை. சீட்டில் ‘பாசிட்டிவ்’ என்று எழுதி வந்ததும், “எனக்குப் புற்றுநோய் வந்துவிட்டது” என்று முடிவு கட்டி, அந்தச் சீட்டை அலமாரியில் துணிகளுக்கடியில் மறைத்து வைக்கும் தாய்மார்கள் உண்டு. கேட்டால், “மகள் கல்யாணம் முடியட்டும் டாக்டர்” என்பார்கள்.

நம் திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமங்களில் 2000 முதல் 2003 வரை நடந்த பெரிய ஆய்வு ஒன்றைச் சொல்கிறேன். 31,343 பெண்களை அமிலச் சோதனை செய்ததில் 3,088 பேருக்கு ‘பாசிட்டிவ்’ என்று வந்தது. ஆனால் சோதனைக்கு வராதவர்களையும் சேர்த்து 49,311 பெண்கள் கொண்ட அந்தக் குழு முழுவதிலும் 2006 வரை கண்ட புற்றுநோய் 167 தான். அப்படியானால் அந்த 3,088 பேரில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் இல்லை என்பது விளங்குகிறதல்லவா? இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த 3,088 பேரில் 3,052 பேர் அடுத்த பரிசோதனையையும் செய்துகொண்டார்கள். காரணம், “இன்னொரு நாள் வா” என்று அனுப்பாமல் செவிலியர்கள் அங்கேயே அதைச் செய்தார்கள். சோதனை நடந்த கிராமங்களில் இந்த நோயால் ஏற்படும் சாவு மற்றக் கிராமங்களைவிட 35 சதவீதம் குறைந்தது. நம் வீடுகளில் நின்று போவது அந்த இரண்டாவது பயணம்தான்.

அந்த அடுத்த பரிசோதனைக்குக் கால்போஸ்கோப்பி என்று பெயர். 1925-ல் ஜெர்மனியில் ஹின்செல்மன் என்ற மருத்துவர் உண்டாக்கியது. கால்போஸ்கோப் என்பது காலில் நிற்கும் ஒரு பூதக்கண்ணாடி. அது உடலுக்குள் நுழைவதில்லை, வெளியே நின்றபடியே பார்க்கும். மீண்டும் அமிலத்தைத் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறுதல் அடைந்த இடம் வெள்ளையாகத் தெரியும். பிறகு அயோடின் தடவினால், நல்ல இடம் கரும்பழுப்பாகும். சந்தேகமான இடம் மஞ்சளாகவே நிற்கும்.

அப்படித் தெரிந்த இடத்திலிருந்து அரிசி மணி அளவு சதையைக் கிள்ளி எடுப்பதுதான் பயாப்சி. சுருக்கென்று வலிக்கும், வலிக்காது என்று பொய் சொல்ல மாட்டேன். இரண்டொரு நாள் லேசாகக் கறை படலாம். டாக்டர் சொல்லும் நாள்வரை தாம்பத்திய உறவு வேண்டாம். “கத்தி பட்டால் கட்டி பரவிவிடும்” என்று பக்கத்து வீட்டுக்காரி சொல்வாள், அதை நம்பாதீர்கள். உறுதி சொல்வது இந்தச் சதைத் துண்டுதான். இது இல்லாமல் யாரையும் புற்றுநோயாளி என்று சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. மாறுதல் உள்ளே மறைந்திருந்தால் குழாய்ப் பகுதியைச் சுரண்டி எடுப்பதும், சில வேளை மயக்கம் கொடுத்துக் கூம்பு வடிவில் சதையை வெட்டி எடுப்பதும் உண்டு. கர்ப்பிணிகளுக்குக் கால்போஸ்கோப்பி செய்யலாம். சுரண்டுவது மட்டும் கூடாது.

முடிவுச் சீட்டில் ‘சி.ஐ.என்.’ என்று எழுதி 1, 2, 3 என்று எண் போட்டிருப்பார்கள். இது புற்றுநோயின் கட்ட எண் அல்ல. புற்றுநோய்க்கு முந்திய மாறுதலின் அளவு. 1 என்றால் பெரும்பாலும் தானே மறைந்துவிடும், கண்காணித்தால் போதும். 2, 3 என்றால் உறைய வைத்தோ, சுட்டோ, மின்கம்பி வளையத்தால் அறுத்தோ அந்த இடத்தை அகற்றுவார்கள். பெரும்பாலும் கர்ப்பப்பையை எடுக்க வேண்டியதில்லை. புற்றுநோய் என்றே வந்தால், எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது என்பதை ஸ்கேன் முதலியவற்றால் பார்த்துச் சிகிச்சையை முடிவு செய்வார்கள்.

கணவன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இந்த நோய்க்குக் காரணம் எச்.பி.வி. என்னும் வைரஸ். இதைக் கண்டு சொன்ன ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008-ல் நோபல் பரிசு கிடைத்தது. மணமானவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்வில் எப்போதாவது இது தொற்றி, தெரியாமலே போய்விடும். சிலரிடம் பல ஆண்டுகள் தங்கிவிடும். ஆகவே சீட்டைப் பார்த்து மனைவியைச் சந்தேகிப்பதும், கணவனைச் சந்தேகிப்பதும் அறியாமை.

மாதவிலக்கு நின்றபின் ரத்தம் பட்டாலும், உறவுக்குப் பின் ரத்தம் பட்டாலும், நாற்றமுள்ள நீர் வடிந்தாலும் முகாமுக்காகக் காத்திராமல் உடனே டாக்டரிடம் போங்கள். போன வருடச் சோதனை நன்றாக இருந்தது என்று இருந்துவிடாதீர்கள்.

போகும்போது பழைய சீட்டுகளையும் எடுத்துச் செல்லுங்கள். மாதவிலக்கு இல்லாத நாளாகப் பாருங்கள். எழுந்து நின்று கேட்கக் கூச்சப்படுகிறவர்கள், கூட்டம் முடிந்ததும் பக்கத்து அறைக்கு வாருங்கள்; அங்கேதான் இருப்பேன்.